இருநூற்றுப் பத்தொன்பது சைபர்

"கேள்வி சரியாத்தான் இருக்கு, டீச்சர். ஆளுகதான் சரியில்ல."

இதைச் சொல்லிவிட்டுத்தான் கோயில்பிள்ளை செருப்பையே கழற்றினார்.

சண்முகவடிவு தலை நிமிரவில்லை.

தூத்துக்குடியில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தின் மாடியில் அவருக்கு ஓர் அறை இருந்தது. ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், ஒரு மண்பானை. செல்போனில் கேள்விகள் அனுப்பிப் பதில் திரட்டுகிறவர்கள் அந்தப் படியேறி வருவார்கள். அவர்களுடைய கேள்விகளில் என்ன கோளாறு என்று பார்ப்பது அவர் தொழில். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது.

அவருக்கு வயது நாற்பத்தொன்று. கோயில்பிள்ளைக்கு அறுபத்திரண்டு. தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். இருபது வயது இளையவரிடம் பாடம் கேட்க அவருக்குக் கூச்சம் இல்லை. படியேறுவதுதான் சிரமம்.

"உக்காருங்க அண்ணாச்சி. மூச்சு வாங்கிக்கிட்டுச் சொல்லுங்க."

"உப்பளத்து ஆளுக இருநூத்தி நாப்பத்திமூணு பேருக்கு அனுப்பினேன். எல்லாரும் பதில் போட்டுட்டாங்க. அதுல இருநூத்திப் பத்தொம்பது பேரு சைபர்."

"கேள்வி?"

கோயில்பிள்ளை போனை நீட்டினார்.

'கடந்த முப்பது நாட்களில், உடல்நலக் குறைவால் எத்தனை நாட்கள் நீங்கள் வேலைக்குச் செல்லவில்லை?'

"இதுல புரியாம போறதுக்கு என்ன இருக்கு? போதாததுக்கு விளக்கம் வேற குடுத்திருக்கேன். பக்கத்துல கேள்விக்குறி போட்டிருக்கேன் பாருங்க. அதைத் தொட்டா, உடல்நலக் குறைவுன்னா என்னென்னன்னு பதினாலு வரி வரும்."

"எத்தனை பேர் தொட்டாங்க?"

"நாலு பேரு."

கொஞ்சம் தயங்கி, "அதுல ஒண்ணு நான்" என்றார்.

சண்முகவடிவு இப்போதுதான் அவரைப் பார்த்தார்.

"சைபராவே இருந்துட்டுப் போகட்டுமே. அதனால யாருக்கு என்ன?"

"புதன்கிழமை புதன்கிழமை அளத்துக்கு மருத்துவ வண்டி வருதுல்ல, அது நின்னுரும். அதை நடத்துற அறக்கட்டளைக்காரங்கதான் இந்த வேலையை எனக்குக் குடுத்தது. இங்க யாருக்கும் சொகக்கேடு இல்லைன்னு தெரிஞ்சா வண்டியை வேற பக்கம் அனுப்பிருவாங்க. திங்கக்கிழமை நான் முடிவைச் சொல்லணும்."

கோயில்பிள்ளை குரலைத் தாழ்த்தினார்.

"போன வருஷம் ஒரு பிள்ளை உப்புப் பாத்திக்குள்ளேயே விழுந்துட்டா. நான்தான் ஆட்டோவுல கூட்டிட்டுப் போனேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் உசிர் இருந்துச்சு. வண்டி வந்ததே அதுக்கப்புறந்தான்."

கீழே தட்டச்சு இயந்திரம் ஒன்று ஓடி நின்றது.

"அண்ணாச்சி, உங்க வீட்டுல எத்தனை கதவு?"

"ஏழு."

"பீரோ கதவைச் சேத்தா?"

"பீரோவை யாரு சேப்பா?"

"வெளி கேட்?"

"கேட்டு... அதையும் சேக்கல."

"கோழிக்கூடு?"

கோயில்பிள்ளை தலையைச் சொறிந்தார்.

"கதவுன்னா எதெதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கதவுன்னா என்னன்னு எனக்குத்தான் தெரியுமே, நான் எதுக்கு..."

பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சண்முகவடிவு திரையில் இருந்த கேள்விக்குறியைத் தொட்டார். பதினான்கு வரிகளும் விரிந்தன. மறுபடி தொட்டார். மூடிக்கொண்டன.

"நாளைக்கு அளத்துக்குப் போங்க. ஒருத்தர் பக்கத்துல உக்காந்து, அவங்க பதில் போடுறதைப் பாத்துட்டு வாங்க."

"பாத்துட்டு?"

"பாத்துட்டு வாங்க."

*

மறுநாள் சாயங்காலம் கோயில்பிள்ளை வேகமாகப் படியேறி வந்தார்.

"வேலை முடிஞ்சுது, டீச்சர்!"

"அப்படியா?"

"ஞானப்பூன்னு ஒரு அம்மா. காலு ரெண்டும் வீங்கியிருக்கு. கணுக்கால்ல புண்ணு, அதுக்கு மேல பிளாஸ்டிக் பையைச் சுத்திக் கட்டியிருக்கா. கூப்பிடுதூரத்துல வண்டி நிக்கி. அவ அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. கேள்விக்கு என்ன போட்டாங்கிய? சைபர்!"

"பிறகு?"

"நான் எடுத்துச் சொன்னேன். அம்மா, உடல்நலக் குறைவுன்னா காச்சல் மட்டும் இல்ல, கால் வலி, தலைச்சுத்து எல்லாம் அதுல வரும்னு பொறுமையா விளக்கினேன். உடனே புரிஞ்சுக்கிட்டா. ரெண்டுன்னு மாத்திட்டா."

"எப்படி மாத்தினாங்க?"

"எப்படின்னா? சைபரை அழிச்சா. என்னைப் பாத்தா. ஒண்ணுன்னு போட்டா. என்னைப் பாத்தா. ரெண்டுன்னு போட்டா. நான் தலையாட்டினேன்."

"மூணுன்னு போட்டிருந்தா?"

கோயில்பிள்ளை யோசித்தார்.

"அதுக்கும் ஆட்டியிருப்பேன்."

"அப்போ அந்த ரெண்டு யாரோட ரெண்டு, அண்ணாச்சி?"

கோயில்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சண்முகவடிவு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

உள்ளே கல்கண்டு. பெரிய பெரிய கட்டிகள்.

"நாளைக்கு மறுபடி போங்க. அந்த அம்மா போனைக் கையில எடுத்ததும் இதுல ஒண்ணை வாயில போட்டுக்கிடுங்க. கடிக்கக் கூடாது. கரையுற வரைக்கும் பேசவும் கூடாது."

"எனக்குச் சக்கரை இருக்கு, டீச்சர்."

"அப்போ சின்னக் கட்டியா எடுத்துக்கிடுங்க."

*

உப்பளத்தில் விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். பத்து மணிக்குக் கஞ்சி. அந்த நேரத்தில்தான் யாருடனும் பேச முடியும்.

ஞானப்பூ வரப்பில் உட்கார்ந்திருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. கோயில்பிள்ளையைக் கண்டதும் சிரித்தார்.

"என்ன அண்ணாச்சி, நேத்து போட்ட ரெண்டு பத்தலையா?"

கோயில்பிள்ளைக்கு முகம் சுருங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து, கேள்வியைப் புதிதாகத் திறந்து போனை அவர் கையில் கொடுத்தார். ஒரு கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

ஞானப்பூவின் விரல் நுனிகள் உப்பில் வெடித்துக் காய்த்திருந்தன. தொட்டால் திரை அசையவில்லை. நேற்று இப்படித் திரை அசையாதபோதெல்லாம் கோயில்பிள்ளைதான் அவருக்காக அழுத்திக் கொடுத்திருந்தார். இன்று கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

ஞானப்பூ விரலை மடக்கி, கணுவால் தொட்டார். திரை நகர்ந்தது.

வாய்விட்டுப் படித்தார். "எத்தனை நாட்கள் நீங்கள் வேலைக்குச் செல்லவில்லை."

சைபரைத் தொட்டார். அண்ணாந்து கோயில்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் கல்கண்டு ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குப் போனது. வேறெதுவும் இல்லை.

"சரியா, அண்ணாச்சி?"

கோயில்பிள்ளை சைபரைச் சுட்டிக் காட்டினார். பிறகு கையை விரித்தார்.

"ஏன்னு கேக்கியளா? வேற என்னத்தப் போடச் சொல்லுதிய? நான் என்னைக்கு வேலைக்கு வராம இருந்தேன்?"

கோயில்பிள்ளை அவருடைய காலைப் பார்த்தார்.

"காலு கெடக்கட்டும். இது ஜோடி வேலை, அண்ணாச்சி. ஒரு பலகை எனக்கு, ஒரு பலகை செபத்திக்கு. ரெண்டு பேரும் சேந்துதான் உப்பை வாரி ஒதுக்கணும். நான் வரலைன்னா கங்காணி அவளையும் திருப்பி அனுப்பிருவாரு. ஒத்தை ஆளுக்குப் பாத்தி கெடையாது. எனக்குக் காலு வீங்கினா அவ வயித்துலயா அடிக்க முடியும்?"

கோயில்பிள்ளைக்கு நாக்கு துடித்தது. கல்கண்டைப் பல்லால் பிடித்துக்கொண்டார். புறங்கையைத் தன் நெற்றியில் வைத்துக் காட்டினார்.

"காச்சலா? அடிக்கும். அடிச்சாலும் வருவேன். அதோ, உப்பைக் குவிச்சு வச்சிருக்கோம்லா, அதுக்குப் பின்னால போயி உக்காந்துக்கிடுவேன். என் பங்கையும் செபத்தி வாரிருவா. கங்காணி வந்தா இருமுவா. நான் எந்திரிச்சிருவேன்."

ஞானப்பூ சிரித்தார்.

"அவளுக்கு முடியலைன்னா நான் இருமணும். போன வாரம்கூட மூணு நாளு அவ பங்கை நான்தான் வாரினேன். நீர்க்கடுப்பு. ஒதுங்க இடம் இல்லைன்னு தண்ணியே குடிக்க மாட்டா, கழுதை. இந்த அளத்துல எல்லாரும் இப்படித்தான். ஏன், என்ன ஆச்சு? ஏன் இப்படி முழிக்கிய?"

கல்கண்டு பாதிகூடக் கரைந்திருக்கவில்லை. கோயில்பிள்ளை அதை அப்படியே விழுங்கினார்.

*

"என்ன பாத்தீங்க?" என்று சண்முகவடிவு கேட்டார்.

கோயில்பிள்ளை எல்லாவற்றையும் சொன்னார். இருமலைக்கூட விடவில்லை.

"அப்போ அவங்களுக்குக் கேள்வி புரியல."

"நல்லாப் புரிஞ்சிருக்கு, டீச்சர். அவ போட்ட சைபர் சரியான பதில்தான்."

"இருநூத்திப் பத்தொம்பதும்?"

"இருநூத்திப் பத்தொம்பதும்."

"சரி. அப்போ வண்டியை வேற பக்கம் அனுப்பச் சொல்லிருங்க."

கோயில்பிள்ளை எழுந்துவிட்டார்.

"என்ன பேச்சு பேசுதீங்க! காலுல புழு வைக்கப் போகுது அந்தப் பொம்பளைக்கு!"

சண்முகவடிவு ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்திவிட்டு, பானையில் தண்ணீர் எடுக்கப் போனார்.

கோயில்பிள்ளை நின்றபடியே எழுதினார். நீட்டினார்.

'கடந்த முப்பது நாட்களில் எத்தனை நாட்கள் உப்புக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தீர்கள்?'

"இதை அந்த அக்கா படிச்சா என்ன நெனப்பாங்க?"

"மாட்டிக்கிட்டோம்னு நெனப்பா."

அவரே அடித்துவிட்டார். உட்கார்ந்தார். இன்னொன்று எழுதினார்.

'உடல்நிலை சரியில்லாதபோதும் எத்தனை நாட்கள் வேலைக்குச் சென்றீர்கள்?'

"இதுக்கு?"

"சைபர்தான். தனக்குச் சரியில்லைன்னு அவ நெனைச்சாத்தானே?"

அதையும் அடித்தார். பேனாவை மூடி வைத்தார். திறந்தார். கீழே பயிலகத்தில் ஒரு வகுப்பு முடிந்து பெண்கள் பேசிக்கொண்டே வெளியே போனார்கள். ஒருத்தி, 'நாளைக்கு நான் வரலைன்னா எனக்கும் சேத்து கையெழுத்துப் போட்டுரு' என்றாள். 'இந்த மாசம் ஏற்கனவே அஞ்சு தடவை போட்டாச்சு, மகாராணி' என்றாள் இன்னொருத்தி.

கோயில்பிள்ளை தலையைத் தூக்கினார்.

சட்டென்று குனிந்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார்.

'கடந்த முப்பது நாட்களில், உங்கள் ஜோடிக்கு உடம்புக்கு முடியாமல், அவருடைய பங்கையும் சேர்த்து நீங்களே வாரியது எத்தனை நாள்?'

சண்முகவடிவு இரண்டு முறை படித்தார். தண்ணீர் டம்ளரை அவர் முன்னால் வைத்தார்.

"நல்லா இருக்கா, டீச்சர்?"

"எனக்குப் புரியுது. நான் உப்பு வாருறவ இல்லையே."

*

சனிக்கிழமை கஞ்சி நேரத்துக்கு இருவரும் அளத்துக்குப் போனார்கள். சண்முகவடிவு குடை கொண்டுவந்திருந்தார். வெள்ளை வெயில். கண்ணை இடுக்காமல் எதையும் பார்க்க முடியவில்லை.

ஞானப்பூவின் பக்கத்தில் ஒல்லியாக ஒரு பெண் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அவர்தான் செபத்தி.

"இதுதான் டீச்சரா? சின்னப் பிள்ளையாட்டம் இருக்காவ. அண்ணாச்சி பயப்படுத பயத்துக்கு நான் என்னவோன்னு நெனைச்சேன்" என்றார் ஞானப்பூ.

"நான் எங்க பயந்தேன்?" என்றார் கோயில்பிள்ளை.

"அன்னைக்கு வாயவே தொறக்கலையே நீங்க."

இருவரின் போனுக்கும் புதுக் கேள்வித்தாள் போனது. செபத்தி திறந்தார். முதல் பக்கத்தைப் பார்த்தார். போனை மூடி மடியில் வைத்துவிட்டு மறுபடியும் கஞ்சியை எடுத்தார்.

கோயில்பிள்ளை வாயைத் திறந்தார். சண்முகவடிவு குடையை லேசாக அவர் பக்கம் சாய்த்தார். கோயில்பிள்ளை வாயை மூடிக்கொண்டார்.

செபத்தியே பேசினார்.

"அளத்துப் பேரு கேக்கு. கங்காணி பேரு கேக்கு. இதுல நான் என்னத்தைச் சொல்ல? சொன்னா யாரு படிப்பாவ?"

"அது பதிவுக்காக, தாயி. அறக்கட்டளையில கட்டாயம்னு..."

"அண்ணாச்சி," என்றார் சண்முகவடிவு, "வண்டி எந்த ரோட்டுல வரும்?"

"இந்த ரோடுதான்."

"அடுத்த அளத்துக்கு?"

"எல்லா அளத்துக்கும் இந்த ஒரே ரோடுதான். அப்போ அளத்துப் பேரு எதுக்கு!"

சொல்லிவிட்டு அவர் தன் போனை எடுத்தார். அந்த இரண்டு கட்டங்களையும் அழித்தார். கொஞ்சம் யோசித்து, ஆளின் பெயர் கேட்டிருந்த கட்டத்தையும் அழித்தார்.

"இப்பப் பாரு, தாயி."

செபத்தி பார்த்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

இருவரும் படித்தார்கள். யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

ஞானப்பூ முதலில் முடித்தார். "ஏழு" என்றார். "எழுதி வச்சுக்கிடுங்க அண்ணாச்சி, ஏழு நாளு இவ பலகையை நான் பிடிச்சேன். இவ ஒரு நாளாவது நன்றி சொல்லியிருப்பாளா?"

செபத்தி கண்ணை மூடி, கட்டைவிரலால் விரல்களைத் தொட்டுத் தொட்டு நகர்த்திக்கொண்டிருந்தார். ஒரு கை முடிந்தது. மறு கைக்குப் போனார். பிறகு விரல் கணுவால் திரையைத் தொட்டார்.

ஞானப்பூ எட்டிப் பார்த்தார்.

"பதினொண்ணா?"

"ஆமா."

"ஏளா, பதினொரு நாளா நான் உக்காந்திருந்தேன்?"

"உக்காந்திருந்தா ஒனக்குத் தெரிஞ்சிருக்கும். நீ கண்ணை மூடிக் கெடந்தல்ல."

"பொய் சொல்லுதா, அண்ணாச்சி. எனக்கு ஒண்ணும் கெடையாது."

"என்னத்துக்குக்கா பொய் சொல்லுதேன்? லாரி கவுந்த அன்னைக்கு ஒண்ணு. எம் மவ ஊருல இருந்து வந்த அன்னைக்கு ஒண்ணு. பெறகு காலு வீங்கி வரிசையா அஞ்சு நாளு. இந்த வாரம் நாலு. எண்ணிப் பாரு."

ஞானப்பூ எண்ணிப் பார்த்தார். உதடுகள் அசைந்தன. மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"நீ ஒருநாளும் சொல்லலையே."

"ஒருத்தரும் கேக்கலையே."

சண்முகவடிவு மெதுவாகச் சொன்னார். "அனுப்புங்க, அண்ணாச்சி."

கோயில்பிள்ளை அழுத்தினார்.

வரப்பு நெடுக, தூக்குவாளிகளுக்குப் பக்கத்தில் கிடந்த போன்கள் ஒவ்வொன்றாகச் சத்தமிட்டன. யாரோ ஒருவர் உரக்கப் படித்தார். யாரோ சிரித்தார்கள். "ஏ, இவனுக்கு நான் எத்தனை நாளுடா வாரினேன்?" என்று தூரத்தில் ஒரு குரல் கேட்டது.

எண்கள் வரத் தொடங்கின. ஆறு. நான்கு. ஒன்பது. மூன்று. எட்டு.

கஞ்சி நேரம் முடிவதற்குள் முப்பத்தெட்டுப் பேர் பதில் போட்டிருந்தார்கள். அதில் சைபர் இரண்டு.

கோயில்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வண்டி இங்கேயிருந்து போகாது, டீச்சர்."

"ம்."

கங்காணி தூரத்தில் கையைத் தட்டினார். ஆட்கள் எழுந்தார்கள். ஞானப்பூ மட்டும் எழவில்லை. கஞ்சி பாதி அப்படியே இருந்தது. தன் கால்களை, வேறு யாருடையவோ கால்கள் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ எனக்குச் சொகமில்லையா, அண்ணாச்சி?"

கோயில்பிள்ளையிடம் பதினான்கு வரிகள் இருந்தன. ஒன்றையும் சொல்லவில்லை.

செபத்திதான் சொன்னார்.

"புதன்கெழமை வண்டி வரும்லா. போயிக் காமி."

"வரிசையில நின்னா நேரமாகுமேட்டி. என் பாத்தியை யாரு வாருவா?"

செபத்தி இரண்டு பலகைகளையும் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"பன்னெண்டுன்னு போட்டுக்கிடுதேன்."